பூட்டிய சைக்கிளும் கல்யாண ஓலையும்

மகனே ஜெரோம்,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, சாமியார் உன் தலையில் தண்ணீர் ஊற்றியதும் நீ கோயில் கூரை அதிரக் கத்தினாய். அப்போதே உன் சித்தியின் காதில் சொன்னேன்: "பாத்துக்கிட்டே இரு, இவன் கல்யாணம் இவன் அப்பன் பேருலதான் போய் முட்டும்." உன் அப்பா அன்று புதுச் சட்டையோடு நல்லபடியாக என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாரே, அப்புறம் எதை வைத்து அப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று உன் சித்தி இப்போது கேட்கிறாள். தீர்க்கதரிசனத்தைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்வது? எட்டாம் வகுப்பில் வாத்தியார் என்னைப் பெயிலாக்கினாரே தவிர, வருவதை முன்கூட்டிச் சொல்வதில் இந்தப் பழைய துறைமுகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். மேலே உட்கார்ந்து பார்ப்பவனுக்குத் தோணியும் தெரியும், தோணிக்கு அந்தப் பக்கம் கிளம்பி வருகிற காற்றும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து போன் செய்தாய். பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டிலும் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா என்று கேட்டாய். "சித்தப்பா, நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லுதத நான் போடுதேன்" என்றாய். நான் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. எனக்கு வாய் திறந்தால் கதை வந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று மூன்று நாளாக எழுதுகிறேன். உன் சித்தி வந்து எட்டிப் பார்த்து, "என்ன, உயில் எழுதுதியளா? எழுதி வைக்க என்ன இருக்கு ஒங்ககிட்ட?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உன் மாமனாரை நீ தப்பாக நினைக்காதே. ஷைனியின் அப்பா மணப்பாட்டுக்காரர். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. நீ அன்று இல்லை, அதனால் நடந்ததைச் சொல்கிறேன். நாள் குறிக்க வந்தவர்கள் காப்பி குடித்து முடித்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, "கேக்குதேன்னு கோவிச்சுக்கிடக் கூடாது. ஓலை வாசிக்கையில மூணு ஞாயித்துக்கிழமையும் எங்க ஊர்க் கோயில்லயும் வாசிப்பாங்க. எல்லாவனும் என்னைத்தான் பாப்பான். சம்பந்தி இருக்காரா, இல்லையா? ஒரு சொல்லு சொல்லிட்டா நானும் அதையே சொல்லிக்கிடுவேன்" என்றார். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அங்கிருந்தே, "சாவியோட போனவரு அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான் பதில். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் டம்ளரில் காப்பி தீர்ந்து வெகுநேரம் ஆகியும் நான் குடித்துக்கொண்டே இருந்தேன்.

உனக்கு அப்போது நான்கு வயது. ஞாபகம் இருக்கிறது என்று நீ சொல்வதெல்லாம் நான் சொல்லிக் கேட்டவைதான். ஆகவே ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். உன் அப்பா மிக்கேல் சங்கு குளிக்கிறவர். நம் பரம்பரையில் முத்துக் குளிப்பு நின்றுபோனதற்குக் காரணமே என் தாத்தா எல்லாவற்றையும் எடுத்து முடித்ததுதான் என்று நான் சொல்வேன், நீ சிரிப்பாய். அண்ணன் அப்படியெல்லாம் பேசமாட்டார். மூச்சைப் பிடிக்கிற மாதிரியே பேச்சையும் பிடித்து வைத்திருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காற்று சரியில்லாமல் யாரும் கடலுக்குப் போகாத நாளில், அவர் லுங்கியை விட்டுவிட்டுத் தன் கல்யாணப் பேண்ட்டை எடுத்து மாட்டினார். நான்கு இட்லி சாப்பிட்டார். (நான் எப்போதும் பன்னிரண்டு என்று சொல்வேன். நான்குதான்.) சைக்கிளை எடுத்தார். "வாரேன்" என்றார். போய்விட்டார். இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

மகனே, காணாமல் போகிறவர்களைப் பற்றி எனக்கு இருக்கிற ஆராய்ச்சி வேறு யாருக்கும் இல்லை. செத்தவனைப் பற்றி ஒரே கதைதான் இருக்கும். காணாமல் போனவனைப் பற்றித் தெருவில் எத்தனை வீடோ அத்தனை கதை. எதிர்வீட்டுக்காரர் அண்ணனை ஒரு கம்பெனிக்காரன் கூட்டிக்கொண்டு போனான் என்றார். தோணிக்காரர் ஒருவர் கொழும்பில் பார்த்தேன் என்றார், மீசை இல்லையாம். இன்னொருவர் மாலத்தீவில் பார்த்தேன் என்றார், தாடியே இருந்ததாம். அந்த வருஷம் இந்துமகா சமுத்திரத்தில் மீசை வைத்தவன், வைக்காதவன் எல்லோரும் உன் அப்பாதான். சைக்கிள் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும், சங்கு குளிக்கிறவன் எங்கே போவான், அங்கிருந்து நடந்து கடலுக்குத்தான் போயிருப்பான், ஏதாவது தோணியில் ஏறியிருப்பான், அல்லது விழுந்திருப்பான் என்று ஊர் முடிவு கட்டியது. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒருவன் மட்டும் திருநெல்வேலி ரோட்டைப் பார்த்தேன். புதுக்கோட்டை, வல்லநாடு, பாளையங்கோட்டை என்று ஊர் ஊராகப் போட்டோவைக் காட்டிக்கொண்டு போனேன். கயத்தாறு வரை போனேன். அது என் மூளை என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன்! அதை மறந்துவிடாதே, பின்னால் வேண்டியிருக்கும்.

சைக்கிள் கதை உனக்கு மனப்பாடம். மூன்றாம் நாள் பழைய பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் அதை நான்தான் கண்டுபிடித்தேன். பின்சக்கரத்தில் வளையப் பூட்டு, பூட்டியிருந்தது, சாவி இல்லை. இரண்டாவது சாவி என்றைக்கோ கடலுக்குள் போய்விட்டது. நான் பின்சக்கரத்தைத் தூக்கியபடி, அந்த வெயிலில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் வீடுவரை இரண்டு மைல் நடந்தே வந்தேன். ஊரே பார்த்தது. வாசலில் இறக்கி வைத்ததும் உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்த்தாள். "சாவி?" என்றாள். "அண்ணன் கொண்டுபோயிட்டான் மதினி" என்றேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள், அப்போது தண்ணீர் கேட்டாள். "பூட்டிட்டுச் சாவிய எடுத்துக்கிட்டுப் போற மனுசன் திரும்பி வரத்தான போவாரு" என்றாள்.

அன்றிலிருந்து அந்தச் சாவிதான் இந்த வீட்டின் விசுவாசப் பிரமாணம். பக்கத்து வீட்டு மரியம்மை, "வாரேன்னு சொல்லிட்டுத்தான எல்லாரும் போறாங்க, என் மாமனார் ஆஸ்பத்திரியிலயே வாரேன்னுதான் சொன்னாரு" என்று வாதாடிப் பார்த்தாள். "சாவி?" என்பாள் உன் அம்மா. பூட்டை உடைக்கலாம் என்று யார் சொன்னாலும் விடமாட்டாள். போன மாசம் வெள்ளையடிக்க வந்த ஆள் சைக்கிளைத் தள்ளப் பார்த்தான். அவள் சுண்ணாம்பு வாளியைத் தாண்டி ஓடிவந்து, "ஏலே, உருட்டாத, தூக்கி வையி!" என்று போட்ட சத்தத்தில் அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

நான் செய்த ஒரு தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன், சின்னத் தப்பிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. போலீசில் எழுதிக் கொடுக்கவும், 'காணவில்லை' என்று பேப்பரில் போடவும் நான்தான் அடையாளம் சொன்னேன். போட்டோ வேறு கிடைக்காமல் கல்யாணப் போட்டோவை வெட்டிக் கொடுத்தோம். அண்ணன் தோளில் உன் அம்மாவின் நான்கு விரல்கள் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. அடையாளம் கேட்டபோது எனக்கு அண்ணனைக் குறைத்துச் சொல்ல மனசு வரவில்லை. ஆறடி உயரம் என்று எழுத வைத்தேன். பேப்பரைப் பார்த்த உன் அம்மா அந்தத் துக்கத்திலும் கேட்டாள்: "ஏன் கொழுந்தனாரே, அவரு எப்ப ஆறடி ஆனாரு? ஒங்க வீட்டு நிலைப்படியில தல இடிக்காமப் போற ஒரே ஆளு அவருதான?" ஐந்தரை அடி மனிதர். இரண்டு மாசம் கழித்துக் கயத்தாறு பக்கத்தில் பேச்சில்லாமல் ஒருவர் கிடந்தார் என்றும், உயரம் ஒத்துவராததால் தகவல் அனுப்பவில்லை என்றும் ஒரு ஏட்டு பேச்சுவாக்கில் சொன்னார். நான் அடுத்த பஸ்ஸில் ஓடினேன். அந்த ஆள் தெளிந்து எழுந்து போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அது அண்ணனாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இன்றைக்கும் நெட்டையான எவனைப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யாராவது உன்னிடம் ஒருவரின் அடையாளம் கேட்டால் உள்ளதைச் சொல். அன்புக்காக அரை அடி கூட்டாதே.

ஓலையில் எழுதுகிற இந்தச் சிக்கல் உன் அம்மாவுக்குப் புதிதும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கோயில் உபதேசியார் வீடு வீடாக வந்து, பூசையில் வாசிக்க இறந்தவர்களின் பெயர் எழுதுவார். நம் வாசலில் மட்டும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "ஏளா ரெஜினா, இந்த வருசமாவது சொல்லிப்புடு. மிக்கேலை எந்தப் பக்கம் எழுதட்டும்? நலம் வேண்டியா, ஆன்ம இளைப்பாற்றிக்கா?" என்பார். "நலம் வேண்டிப் போடுங்க" என்பாள். "கல்லறைத் திருநாளுக்கு நலம் கிடையாதும்மா, அதுக்கு வேற நாளு." "அப்பம் அந்த நாளுல வாங்க." அவர் நம் வீட்டுக்கு மட்டும் செப்டம்பரில் ஒரு தடவை, உன் அப்பாவின் பெயர்கொண்ட மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு, தனியாக வந்து எழுதிக்கொண்டு போவார். அலுத்துக்கொண்டதே இல்லை. ஒரு வருஷம் மட்டும் என்னிடம் தனியாகச் சொன்னார்: "வே, நான் எழுதுற பேருலயே ரெண்டு பக்கமும் ஒட்டாத ஒரே பேரு ஒம்ம அண்ணன் பேருதான். படைச்சவனுக்காவது தெரியுமா, தெரியாதா?"

இப்படி இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பவர்கள் நாம் மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆசை வந்தது. புதுக்கோட்டையில் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிற ஓர் அண்ணாச்சியைப் பிடித்தேன். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். அவர் தம்பி, வயலுக்கு மோட்டார் பெல்ட் வாங்கப் போனவன், காணாமல் போய் அப்போதே பதினைந்து வருஷம். அவர்கள் வழக்கப்படி, இத்தனை வருஷம் தகவல் இல்லையென்றால் தர்ப்பைப் புல்லால் ஆள் மாதிரிச் செய்து, ஆற்றங்கரையில் வைத்து எரித்துக் காரியம் செய்துவிடலாம். சொந்தக்காரர்கள் நெருக்கி, செய்தும் விட்டார்கள். இந்தக் கதையை நான் உனக்கு எப்படிச் சொல்லியிருக்கிறேன்? பதினாறாம் நாள் விசேஷத்துக்குத் தம்பியே வந்து பந்தியில் உட்கார்ந்து, "யாருக்குவே இது?" என்று கேட்டு, இரண்டாந்தரம் பாயசம் வாங்கிக் குடித்தான் என்று. நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நான் சேர்த்தது அது. யாரும் வரவில்லை. அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே உண்மையில் சொன்னது இது: "புல்லை எரிச்சோம். எரிஞ்சது புல்லுதான். என் தம்பி பொண்டாட்டி இன்னமும் பஸ் நின்னா எட்டித்தான் பாக்கா."

நான் அவரிடம் கேட்டேன்: "மோட்டார் பெல்ட்டுக்கு அளவு எழுதிக்கிட்டுப் போனானா அண்ணாச்சி?" அவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷத்தில் ஒருத்தரும் அவரிடம் இதைக் கேட்டதில்லையாம். பழைய பெல்ட்டையே அளவுக்காகக் கையில் சுற்றிக்கொண்டு போனானாம். "அப்பம் வாங்கணும்னுதான போயிருக்கான்" என்றேன். "ஆமா" என்றார். டம்ளரை என் முன்னால் வைக்கும்போது, "ஆமா, இல்ல?" என்றார். அன்று டீக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு எப்போது அந்தப் பக்கம் போனாலும் நாங்கள் இரண்டு பேரும் இதைத்தான் பேசுவோம். போனவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள், எதை விட்டுவிட்டுப் போனார்கள், அதற்கு என்ன அர்த்தம். உலகத்திலேயே அதைக் கேட்கிற இரண்டு பைத்தியங்கள். துக்கம் விசாரிக்க எல்லோருக்கும் தெரிகிறது மகனே. விவரம் விசாரிக்க யாருக்கும் தெரியவில்லை. நாளைக்கு நீயும் ஷைனியும் குடித்தனம் செய்யும்போது, அவள் முகம் வாடியிருந்தால் "என்னாச்சு"வோடு நிறுத்தாதே. எங்கே, எப்போது, எந்தச் சட்டை போட்டிருந்தார்கள் என்றெல்லாம் கேள். கேட்கக் கேட்கத்தான் பாரம் இறங்கும்.

நான் உன்னை வளர்த்தேன் என்று பெருமை பேச மாட்டேன். சரி, பேசுவேன். பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்து என்று இருக்கிற இடத்திலெல்லாம் என் கோணல் கையெழுத்துதான் இருக்கிறது. நீ கப்பல் கம்பெனி வேலைக்கு இண்டர்வியூ போனபோது உனக்குத் தைரியம் சொல்லி, "நீ மானேஜர் ஆவே" என்று முன்கூட்டிச் சொன்னதும் நான்தான், நீ ஆகிவிடுவாய். ஆனால் உன் அம்மாவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவள் அண்ணன் வீரபாண்டியன்பட்டினத்திலிருந்து வந்து, "இப்படியே இருந்துருவியா ஏளா?" என்று கேட்டபோது, என் கண் முன்னாலேயே அந்தப் பூட்டைக் காட்டினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனிச் சொல்லிவிடுகிறேன். இதுவரை எழுதியதில் இட்லி, பாயசம் போன்றவற்றை அங்கங்கே திருத்திவிட்டேன். திருத்தாமல் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன்.

சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிற ஓர் அண்ணாச்சி அன்று அங்கே இருந்தார். நான் சைக்கிளைக் கண்டுபிடித்ததும் பின்னாலேயே வந்து, "நீருதான் தம்பியா? முகம் அப்படியே இருக்கு" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். உன் அப்பா அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "என் தம்பி வருவான், குடுத்துருங்க. பின் டயர்ல காத்து நிக்க மாட்டேங்கு, பாத்துக்கிடச் சொல்லுங்க" என்றாராம். அப்புறம் எதிரே நின்ற திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினாராம், ஜன்னலோரம் உட்கார்ந்தாராம். அதனால்தான் நான் அந்த ரோட்டைப் பார்த்தேன். அது என் மூளை இல்லை.

நான் அங்கேயே டயருக்குக் காற்று அடித்துவிட்டு, பூட்டைத் திறந்து, ஏறி மிதித்துத்தான் வந்தேன். இரண்டு மைல் தூக்கி நடந்தேன் என்பது பொய். நம் தெரு முக்கில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். நான் வருவது தெரியாமல் ஒருத்தி சொன்னாள்: "கடல்லயும் போகல, ஒண்ணும் போகல. பொண்டாட்டி பிடிக்காம ஓடிட்டான். இனி அவ எந்த முகத்தோட கோயிலுக்கு வருவா?" இன்னொருத்தி சிரித்தாள். சாவி பூட்டிலேயே இருந்தது. இந்தச் சாவியோடு நான் போய் நின்றால், அவள் சொன்னது உண்மையாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் தம்பிக்குச் சாவி கொடுத்திருக்கிறான், பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. இறங்கினேன். பூட்டினேன். சாவியை இடுப்பில் சொருகினேன். பின்சக்கரத்தைத் தூக்கினேன். அங்கிருந்து நம் வாசல் வரை நாற்பது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். அதைத்தான் ஊரே பார்த்தது.

அவள் தண்ணீர் குடித்ததும் நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் அவள் அந்தப் பூட்டின் மேல் ஒரு வீடே கட்டிக் குடியேறிவிட்டாள். போலீசும், சாவியை எடுத்துக்கொண்டு போனவன் அன்றைக்கே திரும்ப நினைத்தவன்தான், ஆகவே ஏதோ விபத்து என்று ஆஸ்பத்திரிகளிலும் கடலிலும் தேடியது. அந்த வாரத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பஸ் கண்டக்டரைப் பிடித்திருக்கலாம், எங்கே இறங்கினார் என்று கேட்டிருக்கலாம். நான் தனியாகப் போய்க் கேட்ட நேரத்தில் கண்டக்டருக்கு ஆயிரம் ஜன்னலோர முகங்கள் வந்து போயிருந்தன. ஸ்டாண்டு அண்ணாச்சியை யாராவது விசாரித்தால் என் பொய் உடையும் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். பிறகு உடைந்தால் தேவலாமே என்று காத்திருந்தேன். யாரும் விசாரிக்கவில்லை. அவர் ஸ்டாண்டை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

இன்றுவரை என்னை அரிப்பது ஒன்றுதான். ஒரேயடியாகப் போகிறவன் டயர் காற்றைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவானா? இரண்டு நாளில் வருகிறவன், அதுவரை தம்பி ஓட்டட்டும் என்று சாவியைக் கொடுத்திருக்கலாம் அல்லவா? கல்யாணப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு யாரைப் பார்க்கப் போனார்? குழாயடியில் கேட்டதை நானும் நம்பிவிட்டேன். அந்தச் சாவிக்கு வேறு அர்த்தமும் இருக்கலாம் என்று எனக்குப் புரியவே பத்து வருஷம் ஆயிற்று. உன் அம்மாவிடம் அன்றைக்கே கொடுத்திருந்தால் அவள் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். அவருடைய பேச்சின் அர்த்தம் அவளுக்குத்தான் தெரியும்.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில். 'காலஞ்சென்ற' என்ற அந்தச் சொல்லைப் போடு என்றோ விடு என்றோ சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உன் அம்மா சொல்லட்டும். ஆனால் என் பொய்யை வைத்துச் சொல்லக் கூடாது, உள்ளதை வைத்துச் சொல்லட்டும். அவள் எதைச் சொன்னாலும் அதுதான் ஓலை. மணப்பாட்டு அண்ணாச்சிக்கு நான் நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை உன் அம்மா கல்யாணப் புடவை எடுக்கச் சென்னைக்கு வருகிறாள் அல்லவா, அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். திறந்த உறையைப் படிக்காமல் ரயிலில் மணியாச்சி ஜங்ஷனைத் தாண்ட அவளால் முடியாது, இதையும் முன்கூட்டியே சொல்கிறேன். மதினி, இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால், உறைக்குள் அடியில் கை விட்டுப் பாருங்கள். வேட்டி மாறினாலும் இடுப்பு மாறாமல் இருபத்து மூன்று வருஷம் வைத்திருந்தேன், அதனால் துருப்பிடிக்கவில்லை. பூட்டுத்தான் பிடித்திருக்கும். நீங்கள் ஊருக்குத் திரும்பி வருகிற அன்று தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைத்திருப்பேன். பின் டயருக்கு இன்றைக்கே புது டியூப் போடுகிறேன். அண்ணன் என்னிடம் சொன்ன வேலை அது ஒன்றுதான்.

சித்தப்பா